காற்றில் ஆறும் எஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் ஓட்டிவரும் யமஹா எஃப்.இசட். வண்டியைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். நாகர்கோவில் சாலைகளில் அன்றாடம் ஓட்டுவதற்கு அதைவிட எனக்குப் பிடித்த வண்டி இல்லை என்பதே அந்த இரண்டு வரியின் சாரம். அதற்குக் குமரி மாவட்டத்தின் மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால், இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். அந்த வண்டியின் எஞ்சின் காற்றிலேயே குளிர்வது. அதைப் போல, காற்றைத் தடுக்கும் மூடாக்கு எதுவும் இல்லாமல், எஞ்சினும் சட்டகமும் வெளியே தெரிய நிற்கும் வண்டியை ‘நேக்கட்’ வகை என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழாக்கினால் வீட்டில் வைத்துப் பேச முடியாது என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

தக்கலையிலிருந்து ஓர் அரசு ஊழியர்: தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறேன். ரேடியேட்டர் வழியாகத் திரவத்தால் எஞ்சினைக் குளிரவைக்கும் வண்டியை வாங்கு, காற்றில் குளிரும் எஞ்சின் சித்திரை வெயிலில் வெந்துவிடும் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்களோ அந்தப் பழைய வகை வண்டியைப் பாராட்டி எழுதுகிறீர்கள். எதை நம்புவது?

உங்கள் நண்பர்கள் வீணாக வெயிலின் மீது பழி போடுகிறார்கள். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பமாகிச் சைலன்சர் வழியாகவும் சிலிண்டர் சுவர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் அலுமினியத் தகடுகளுக்கு ஃபின் என்று பெயர். அவை அந்த வெப்பத்தை வாங்கி, ஓடும் காற்றிடம் ஒப்படைக்கின்றன. எவ்வளவு ஒப்படைக்க முடியும் என்பது, ஃபினுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் காற்று ஓடும் வேகத்தையும் பொறுத்தது. கணக்குக்காக ஃபினின் வெப்பநிலை 150 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் காற்று 28 டிகிரி என்றால் வேறுபாடு 122; சித்திரையில் காற்று 36 டிகிரி என்றால் வேறுபாடு 114. வெயிலால் நாம் இழப்பது ஏழு சதவீதத்துக்கும் குறைவு. இத்தனைக்கும் வேலூரையோ மதுரையையோ போல 40 டிகிரியை எளிதில் தொடும் ஊர் அல்ல நாகர்கோவில்.

காற்றோட்டம் நின்றுபோவதுதான் உண்மையான சிக்கல். பள்ளி விடும் நேரத்தில் வடசேரியில் ஒரு பேருந்துக்கும் இன்னொரு பேருந்துக்கும் இடையே மாட்டிக்கொண்டால் ஃபின்களுக்கு வேலையே இருக்காது. ஆனால் நின்றபடி மெதுவாகச் சுழலும் எஞ்சின் உண்டாக்கும் வெப்பமும் மிகக் குறைவு என்பதால், இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அதற்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள், பெட்ரோலும் மிச்சம்.

இனி, பாராட்டுக்கான காரணம். 2008இல் எஃப்.இசட். 16 என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமானபோது அது 153 சி.சி. எஞ்சினும் சுமார் 14 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. பின்சக்கரத்தில் 140 மில்லிமீட்டர் அகல டயரோடு அது வந்து நின்ற தோற்றத்தைப் பார்த்துத்தான் அந்தக் காலத்து இளைஞர்கள் மயங்கினார்கள். என்னிடம் இருப்பது அதற்கடுத்து 2014இல் வந்த, பெட்ரோலை இன்ஜெக்டர் மூலம் தெளிக்கும் 149 சி.சி. வடிவம். திறன் சுமார் 13ஆகக் குறைந்தது, பந்தயம் ஓட்ட விரும்பியவர்களுக்குக் குறையாகப் பட்டது. எனக்கோ அதன் இயல்பு நம் ஊருக்கென்றே அளந்து தைத்ததுபோல் இருந்தது. வில்லுக்குறியிலிருந்து சுங்கான்கடை வரையிலான சாலையை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு வாழைக்குலை வண்டி போகும், கோயில் முன்னால் கூட்டம் நிற்கும், அது தீர்ந்ததும் இருநூறு மீட்டர் வெற்றுச் சாலை கிடைக்கும், பிறகு மறுபடியும் பேருந்து நிறுத்தம் வரும். மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 55 வரை ஏறுவதும் இறங்குவதுமாகவே பயணம் முழுவதும் கழியும். அந்த எல்லைக்குள் மூன்றாம் கியரிலோ நான்காம் கியரிலோ இருந்தபடியே, திணறாமல் இழுத்துக்கொண்டு போகிற எஞ்சின்தான் அன்றாட வண்டிக்கு வேண்டியது. அகலமான கைப்பிடியும் நிமிர்ந்து உட்காரும் இருக்கையும் சேர்ந்தால் இருபது கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் முதுகு தன்னை நினைவூட்டாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டியில் எஞ்சின் கண்ணுக்கு நேரே இருக்கிறது. எஞ்சின் இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு ஆயில் கசிந்தால் அன்று மாலையே தெரிந்துவிடும். பம்ப், குழாய், தெர்மோஸ்டாட், விசிறி, கூலன்ட் ஆகிய ஐந்தும் இல்லாததால் அந்த ஐந்தும் கெடுவதற்கு வழியில்லை. பிளக்கைக் கழற்ற மூடாக்கின் பன்னிரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் வாரந்தோறும் மதுரை வரை மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறவராக நீங்கள் இருந்தால், நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். நெடுநேரம் முழுத்திறனில் ஓடும் எஞ்சினின் வெப்பநிலையை ஒரே அளவில் பிடித்து வைப்பதில் ரேடியேட்டருக்கு நிகர் இல்லை. டியூக் 200, எம்.டி. 15 போன்றவை நேக்கட் வகையாகவும் ரேடியேட்டர் உள்ளவையாகவும் இருக்கின்றன. தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் அவற்றின் திறமையைக் காட்ட இடமில்லை, அவ்வளவுதான்.

குளச்சலிலிருந்து ஒரு மீன் வியாபாரி: விடியற்காலை ஏலத்துக்குப் போய் வருகிற என் வண்டியில் ஃபின்களின் கறுப்புப் பூச்சு உதிர்ந்து வெள்ளைப் பொடி படிகிறது, செயின் மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கிறது. எஞ்சின் மூடியிருந்தால் இப்படி ஆகாதல்லவா?

உப்புக்காற்றுக்கு மூடாக்கு ஒரு தடையே அல்ல. மூடாக்கின் உள்ளே படியும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், கழுவவும் எளிதில் முடியாது. அது ஒன்றுதான் வேறுபாடு. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி, அலுமினியம் உப்பாலும் ஈரத்தாலும் அரிக்கப்பட்டு உண்டானது. அது பார்க்க அழகாக இல்லையே தவிர, எஞ்சின் குளிர்வதைப் பெரிதாகப் பாதிக்காது. பாதிப்பது சேறு. ஃபின்களின் இடுக்கில் சேறும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து காய்ந்தால், எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். அதிலும் முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு சரியாகச் சிலிண்டரின் முன்பக்கத்தில்தான் போய் ஒட்டுகிறது. காற்று முதலில் மோத வேண்டிய இடமும் அதுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், இரவு முழுவதும் நின்று ஆறிய எஞ்சின் மீது ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றி ஊறவிடுவேன். பிறகு, வாரியலிலிருந்து உருவிய நல்ல கனமான ஓர் ஈர்க்கிலை எடுத்து ஒவ்வொரு ஃபினின் இடுக்கிலும் விட்டு இழுப்பேன். ஈர்க்கில் வளையும், பூச்சைக் கீறாது, ஃபினின் அடிவேர் வரை போகும். கம்பியும் திருப்புளியும் இந்த வேலைக்கு ஆகா. போன மழைக்காலத்தில் இப்படி இழுத்தபோது, முழுதாக ஒரு ரப்பர் இலையின் காம்பு சேற்றோடு வந்தது. பேச்சிப்பாறைக்குப் போய்வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஓடி வந்த சூட்டோடு வாட்டர் சர்வீஸ் கடையில் நிறுத்தி அழுத்தமாகப் பீய்ச்சச் சொல்லாதீர்கள். மழைத்துளி விழுந்து சூடான எஞ்சின் ‘உஸ்’ என்று ஆவி விடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மழையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது அது. ஒரே இடத்தில் வேகமாகப் பாய்ச்சும் குளிர்ந்த நீர் வேறு விஷயம். பிளக் குழியிலும் மின்இணைப்புகளிலும் நீர் புகுந்துவிட்டால், அடுத்த நாள் ஏலத்துக்கு நீங்கள் ஆட்டோவில்தான் போக வேண்டியிருக்கும்.

செயினைப் பொறுத்தவரை, கடற்கரையில் ஓடும் வண்டிக்கு மாதம் ஒருமுறை கவனிப்பது போதாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செயினுக்கான மசகான செயின் லூப் அடியுங்கள். இரவில் அடித்துவிட்டுக் காலையில் எடுத்தால் அது உள்ளே இறங்கியிருக்கும். மீன் கூடையிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புத்தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம். கூடைக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தாலே பின்சக்கரத்தின் பாதித் துரு குறையும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: வண்டியை நிறுத்திய பிறகு எஞ்சினிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது. பழுதா?

இல்லை தம்பி. சூட்டில் விரிந்த உலோகங்கள் ஆறும்போது வெவ்வேறு வேகத்தில் சுருங்குவதால் எழும் சத்தம் அது. பெரும்பாலும் சைலன்சர் குழாயிலிருந்து வருவது. மேம்பாலத்தில் ஏறாமல் கீழே கடைத்தெரு வழியாகவே வந்தீர்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு செவிலியர்: ஐயா, நாகர்கோவிலில் உள்ள மருத்துவமனைக்குத் தினமும் வண்டியில் போகிறேன். ஸ்கூட்டரை விட்டு 150 சி.சி. வண்டிக்கு மாற ஆசை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் இங்கே காற்று வண்டியைத் தூக்குகிறது. மூடாக்கு உள்ள வண்டிதான் காற்றைத் தாங்கும் என்கிறார்கள். உண்மையா?

எதிரிலிருந்து வரும் காற்றுக்கு அது உண்மை. உங்கள் ஊரின் காற்று எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதுதான் சங்கதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள அந்தக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு வெளியேறுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். சாலை திரும்பத் திரும்ப அந்தக் காற்று ஓட்டுநரின் விலாப்பக்கத்தைத் தாக்கும். பக்கவாட்டுக் காற்றுக்குப் பெரிய மூடாக்கு என்பது விரித்த பாய்மரம். பரப்பு கூடக்கூடத் தள்ளும் விசையும் கூடும். எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையே காற்று புகுந்து போகும்படியான நேக்கட் வண்டியை அது அந்த அளவுக்குத் தள்ளாது. ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி பறக்காது. ஒரு முழம் நகரும், நம்மைப் பதற வைப்பது அந்த ஒரு முழம்தான்.

கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதே பலரும் செய்யும் தவறு. உடலை அடிக்கும் காற்றின் ஆட்டம் முழுவதும் கை வழியாக முன்சக்கரத்துக்குப் போய்விடும். முழங்கால்களால் டேங்கை நெருக்கிப் பிடித்து, முழங்கைகளைத் தளர்த்தி, உடம்பைச் சற்றுக் குனிந்து வையுங்கள். வேகம் 50க்கு மேல் வேண்டாம். லாரியையோ பேருந்தையோ முந்தும்போது, அதன் மறைவில் இருக்கும்வரை காற்றே இல்லாததுபோல் தோன்றும். அதன் முன்முனையைக் கடக்கும் நொடியில் மொத்தக் காற்றும் ஒரே அடியாக வந்து விழும். அதை எதிர்பார்த்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எஃப்.இசட். வண்டியின் இருக்கை தரையிலிருந்து 790 மில்லிமீட்டர் உயரம். கடையில் வெறுமனே ஏறி உட்கார்ந்து பார்த்தால் போதாது; நீங்கள் வேலைக்கு அணியும் அதே காலணியோடு போய், இரண்டு காலும் ஊன்ற முடிகிறதா என்று பாருங்கள். துப்பட்டாவை முடிச்சிட்டு மேல்சட்டைக்குள் செருகிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். ஸ்கூட்டரில் மூடியிருக்கும் பல பாகங்கள் இதில் திறந்திருக்கின்றன.

குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் தோட்ட உரிமையாளர்: பின்னால் ஆளையோ ரப்பர் ஷீட் கட்டையோ வைத்து மேட்டில் ஏறும்போது எஞ்சின் சூடேறிச் சத்தம் கூடுகிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். ஊற்றலாமா?

இன்று வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். முதல் பதிலில் சொன்ன கணக்கை இங்கே திருப்பிப் பாருங்கள். வடசேரி நெரிசலில் காற்றும் இல்லை, எஞ்சினுக்கு வேலையும் இல்லை. நெடுஞ்சாலையில் வேலை அதிகம், காற்றும் அதிகம். சுமையோடு தோட்டத்து மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறும்போதோ எஞ்சின் முழுமூச்சாக உழைக்கிறது, காற்று மட்டும் இல்லை. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு மிகக் கடினமான வேலை இது ஒன்றுதான். அப்போது ஆயில்தான் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது, தானும் சூடேறி நீர்த்துப்போகிறது.

அதற்காகக் கையேட்டில் இல்லாத கெட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது அது மேலே ஏறிக் வால்வுகளை இயக்கும் கேம் தண்டை நனைக்க நேரம் பிடிக்கும். கையேட்டில் குறித்துள்ள தரத்தையே, 10டபிள்யூ40 (ஆயிலின் கெட்டியைக் குறிக்கும் எண்) என்றால் அதையே, வாங்குங்கள். டப்பாவின் மீது ஜாசோ எம்.ஏ.2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருட்கள் கிளட்சையும் வழுக்க வைத்துவிடும். இந்த எஞ்சினுக்குள் இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில்தான், அதில் இருநூறு மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஆகவே ஆயிலின் கெட்டியைக் கூட்டுவதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்கு, கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பாகவே மாற்றிவிடுவது நல்லது.

மேட்டில் மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறாதீர்கள். இரண்டாம் கியருக்கு இறங்கி, எஞ்சின் கலகலப்பாகச் சுழலும்படி ஏறுங்கள். சத்தம் கூடினாலும் எஞ்சினுக்குச் சுகம் அதுவே. உச்சியை அடைந்ததும் அப்படியே அணைக்காமல் கொஞ்சம் இறக்கத்தில் ஓடவிட்டால் ஃபின்கள் தம் கடனைத் தீர்த்துவிடும்.

சத்தத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று உண்டு. காற்றில் குளிரும் எஞ்சினில் வெப்பநிலை ஏறி இறங்குவதால் பாகங்களுக்கு இடையே சற்று அதிக இடைவெளி விடுகிறார்கள். சுற்றி நீர்ச்சுவரும் இல்லை. அதனால் வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட், தனக்கும் வால்வுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் தட்டும் சத்தம் லேசாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இதை ஏற்காமல், ஒருமுறை ஓர் ஒர்க்ஷாப்பில் போய், சத்தமே வரக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். ஓடி வந்த சூட்டோடேயே அந்த மெக்கானிக் டேப்பெட்டை இறுக்கிக் கொடுத்தார். வண்டி பூனைபோல் நடந்தது. இரண்டு மாதத்தில் காலையில் கிளம்பவே மறுத்தது, மேட்டில் இழுவையும் போயிற்று. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் புகை வெளியேறும் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் கருகியிருந்தது. அந்த வால்வு ஒவ்வொரு முறையும் தன் இருக்கையில் முழுதாக அமர்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். ஒரு தாளின் தடிமனே உள்ள அந்த இடைவெளி இல்லாமல் போனதால், அது உட்காராமலே இரண்டு மாதம் வெந்திருக்கிறது. மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, கேட்டது நான். டேப்பெட்டை ஆறிய எஞ்சினில்தான் அளக்க வேண்டும் என்பதையும், கேட்கிற டேப்பெட்டைவிடக் கேட்காத டேப்பெட்டுக்குத்தான் அஞ்ச வேண்டும் என்பதையும் அன்றிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

கொல்லங்கோட்டிலிருந்து ஓர் இளைஞர்: காற்றில் குளிரும் வண்டிதான் வேண்டுமென்றால் ஆர்.எக்ஸ். 100 வாங்கி ஓட்டலாமே?

ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமைகளில். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த அந்த வண்டியை நானும் நேசிக்கிறேன். ஆனால் அதன் உற்பத்தி 1996இல் நின்றுவிட்டது. அசல் உதிரிபாகம் தேடி அலையும் நாட்களில் வேலைக்கு எதில் போவீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சுசீந்திரத்திலிருந்து ஒரு வாசகர்: என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டின் எஃப்.இசட். 16, தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இப்போது வரும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாது என்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் அந்தப் பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தியது என்பதால் பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் வாஷர்களும் விரைவில் விறைத்துப்போகவோ ஊறிப்போகவோ கூடும். மைலேஜும் கொஞ்சம் குறையும். குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், செலவு அதிகமில்லை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் வண்டியை மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தி வைப்பது நல்லதல்ல. வாரம் இருமுறையாவது ஓடவிடுங்கள்.

விற்பதா வேண்டாமா என்பதைத் தொண்ணூறாயிரம் என்ற எண்ணைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நாளைக் காலை, ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது வீட்டில் ஒருவரைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கிளப்பிய உடனே மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, ஒரு நாள் வேலை. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான செலவைக் கேட்டு, எக்ஸ்சேஞ்சில் தருவதாகச் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். புகையே இல்லையென்றால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஓர் ஈர்க்கிலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.